இல்லமும் இணையமும்: வீட்டுக்குள்ளே தொலைந்த காசு



ஞாயிறு ஆராதனை முடிந்து சபையை விட்டு வெளியே வருகையில் என்னை நிறுத்தி விசுவாசிகள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. "பிரதர், கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் நெட் மாத்திரம் வரவில்லை. என்ன செய்வது?" தாராவியிலும் கேட்கிறார்கள், மாட்டுங்காவிலும் கேட்கிறார்கள், நான் குடியிருக்கும் செம்பூரிலும் கேட்கிறார்கள். நின்றுகொண்டே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது என் வழக்கமாயிருந்தது. சென்ற ஜூன் மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்திற்குப் பின்பு, இதை விரிவாகவே எழுதவேண்டும் என்று தீர்மானித்தேன். சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

மேல்வீடும் கீழ்வீடும்

மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் ஒரு சாலில், கீழே ஒரு குடும்பமும் மாடியில் ஒரு குடும்பமும் வசிக்கின்றன. இரு வீட்டாரும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். ஒரே சபையின் விசுவாசிகள். செலவைக் குறைப்பதற்காக இருவரும் சேர்ந்து ஒரே இணைய இணைப்பை எடுத்திருந்தார்கள். ரூட்டர் கீழ்வீட்டில் இருக்கும். அங்கிருந்து ஒரு கம்பி, படிக்கட்டின் ஓரமாய் ஏறி மேல்வீட்டுக் கணினிக்குச் செல்லும். மாதக் கட்டணத்தை இருவரும் பாதிப் பாதியாகக் கொடுப்பார்கள்.

மே மாதத்தில் மேல்வீட்டார் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றார்கள். புறப்படுகையில், வீட்டில் இல்லாத ஒரு மாதத்துக்குத் தாங்கள் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை என்று எண்ணிக் கொடுக்காமல் சென்றுவிட்டார்கள். கீழ்வீட்டுச் சகோதரன் அதைச் சற்று மனத்தாங்கலோடு இரண்டொருவரிடம் சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து திரும்பியதும் அந்தச் சொல் மேல்வீட்டாரின் காதுக்கு எட்டியது. அன்று மாலையே மகள் கணினியை இயக்கினாள். எந்த இணையதளமும் திறக்கவில்லை.

மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தாள். மும்பையில் 2009ஆம் ஆண்டு முதல் பதினோராம் வகுப்புச் சேர்க்கை இணையவழியாகவே நடைபெற்று வருகிறது என்பதையும், 2025ஆம் ஆண்டில் அம்முறை மகாராஷ்டிரம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது என்பதையும் பெற்றோர் அறிவீர்கள். விண்ணப்பத்தை நிறைவு செய்ய அவளுக்கு நான்கு நாட்களே மீதமிருந்தன. சான்றிதழ்களின் நகல்கள் யாவும் அந்தக் கணினிக்குள் இருந்தன.

தகப்பனாருக்கு ஒரே ஒரு காரணந்தான் தோன்றியது: "பணம் கொடுக்கவில்லை என்று கீழே கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள்." பழுதுபார்க்கிற ஒருவரை அழைத்தார். அவர் படிக்கட்டுக் கம்பியைப் புதிதாய் மாற்றி 700 ரூபாய் வாங்கிக்கொண்டு, "என் வேலை சரியாயிருக்கிறது, கீழே பாருங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். சந்தேகம் உறுதியாயிற்று. படிக்கட்டில் நின்று கடுஞ்சொற்கள் பேசப்பட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனையில் இரண்டு வீட்டாருமே பந்தியில் பங்குபெறவில்லை. அதைக் கவனித்த போதகர், "நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்" என்று என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை மாலை சென்றேன்.

அங்கே நான் கண்டதைச் சொல்லுமுன், இணையம் வராதபோது தேடவேண்டிய முறையைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால், நானும் எங்கே தவறினேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

அருகிலிருந்து தூரத்துக்கு

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையில், பத்து வெள்ளிக்காசுகளில் ஒன்றைத் தொலைத்த பெண் ஒருத்தி வருகிறாள். அவள் தெருவுக்கு ஓடவில்லை. தன் வீட்டுக்குள்ளே விளக்கேற்றினாள், கூட்டினாள், கண்டெடுக்கும் வரைக்கும் கவனமாய்த் தேடினாள். இணையக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் இதைவிட நல்ல முறை கிடையாது.

நம் கணினியிலிருந்து ஓர் இணையதளம் வரைக்கும் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. கணினி, கம்பி அல்லது வைஃபை, ரூட்டர், தெருவின் கண்ணாடியிழை, சேவை நிறுவனத்தின் நிலையம், அதற்கப்பால் கடலடிக் கேபிள்கள் என்று ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, வீட்டில் இருந்தவை ஒரு தொலைபேசிக் கம்பியும் ஒரு மோடமுந்தான். இப்பொழுது சங்கிலியின் வளையங்கள் பெருகிவிட்டன. எந்த வளையம் அறுந்திருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே: "நெட் வரவில்லை." ஆகையால் ஒவ்வொரு வளையமாக, அருகிலிருந்து தூரத்துக்குத் தேடவேண்டும்.

முதலாவது, கணினியையும் ரூட்டரையும் நிறுத்துங்கள். ரூட்டரின் மின் இணைப்பை முழுவதுமாய்த் துண்டித்து ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். பின்பு ரூட்டரை முதலில் இயக்கி, மூன்று நிமிடங்கள் காத்திருந்து, அதன்பின் கணினியை இயக்குங்கள். ரூட்டரும் ஒரு சிறிய கணினியே. பல நாள் ஓயாமல் ஓடினால் அதன் நினைவகத்தில் குழப்பம் சேரக்கூடும். நிறுத்தி இயக்கினால் அது சுத்தமாய்த் தொடங்கும். பாதி வழக்குகள் இங்கேயே தீர்ந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, கோளாறு ஒரு கருவிக்கா, எல்லாக் கருவிகளுக்குமா என்று பாருங்கள். ஒரு கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்துச் சோதியுங்கள். சோதிக்குமுன் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இதை மறந்து, "போனில் வருகிறதே" என்று ஏமாந்தவர்கள் அநேகர். கைப்பேசியில் வந்து கணினியில் வராவிட்டால், குறை கணினியிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கிறது; நிறுவனத்தாரிடம் சண்டையிட்டுப் பயனில்லை. இரண்டிலும் வராவிட்டால், ரூட்டரையும் அதற்கு அப்பால் உள்ளதையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, விளக்குகளை வாசியுங்கள். கண்ணாடியிழை இணைப்புள்ள வீடுகளில் சுவரோரம் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் 'பான்' என்று குறிக்கப்பட்ட விளக்கு அசையாமல் எரிந்தால் இழை நலமாயிருக்கிறது. 'லாஸ்' என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாய் மின்னினால் இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை. அது எங்கேனும் கூர்மையாய் மடிந்திருக்கிறதா, பீரோவின் கால் அதன்மேல் நிற்கிறதா என்று மாத்திரம் பாருங்கள். இழையைக் கழற்றாதீர்கள்; அதன் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவே கூடாது, லேசர் ஒளி கண்ணுக்குக் கேடு. இது நிறுவனத்தாரின் வேலை. உடனே அவர்களை அழையுங்கள்.

நான்காவது, கம்பியைப் பாருங்கள். கம்பியின் முனையிலுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் செருகியில் ஒரு சிறு நாக்கு இருக்கும். அது ஒடிந்துபோனால் செருகி தளர்ந்துவிடும்; கதவைச் சாத்தும் அதிர்வில்கூட இணைப்பு அறுபடும். நம்முடைய பகுதிகளில் எலிகள் கம்பியைக் கடிப்பதும், மழைக்காலத்து ஈரத்தில் செம்பு முனைகள் பச்சை பூத்துப்போவதும் வழக்கமே. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு பெருக்கெடுத்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. அத்தகைய பெருமழைக்குப் பின்பு வெள்ளம் வடிந்தாலும், ஈரம் புகுந்த கம்பி பல நாள் கழித்தும் தொல்லை கொடுக்கும். கணினியில் கம்பி செருகும் துளையருகே சிறு விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறொரு கம்பியை மாட்டிச் சோதியுங்கள்.

ஐந்தாவது, முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரியைக் கொடுக்கிறது. விண்டோஸ் கணினியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்து எண்டர் விசையை அழுத்தினால் அந்த முகவரி தெரியும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டும் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்படியானால் கம்பிக்கும் ரூட்டருக்கும் திரும்பிச் செல்லுங்கள்.

ஆறாவது, எண்ணுக்குப் பதில் வருகிறதா, பெயருக்குப் பதில் வருகிறதா என்று பாருங்கள். அதே கறுப்புத் திரையில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று எழுதுங்கள். பதில் வந்தால் வெளியுலகத்துக்கு வழி திறந்திருக்கிறது. அப்படியிருந்தும் தளங்கள் பெயரால் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றிக்கொடுக்கும் 'டிஎன்எஸ்' என்னும் சேவையில் குறை இருக்கலாம். ஊரிலிருந்து வந்தவர் "நம்ம பாஸ்டர் வீடு எது?" என்று கேட்டால், வீடு தெரிந்த ஒருவர் வழி காட்டவேண்டுமல்லவா? அந்த வேலையைச் செய்வதே டிஎன்எஸ். நிறுவனத்தின் டிஎன்எஸ் தடுமாறினால், இணைப்பின் அமைப்புகளில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றி வைக்கலாம்.

வழிகாட்டியே வஞ்சகனாயிருந்த ஒரு காலமும் உண்டு. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்னும் தீய நிரல், 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளுக்குள் புகுந்து, அவற்றின் வழிகாட்டி எண்ணைத் திருட்டுத்தனமாய் மாற்றி வைத்திருந்தது. 2011 நவம்பரில் எஸ்தோனியா நாட்டில் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். வஞ்சகரின் சேவையகங்களை உடனே நிறுத்தினால் அத்தனை வீடுகளும் இணையத்தை இழக்கும் என்பதால், நீதிமன்ற உத்தரவின்படி அவற்றுக்குப் பதிலாக நல்ல சேவையகங்கள் சிலகாலம் நடத்தப்பட்டன. 2012 ஜூலை 9 அன்று அவையும் நிறுத்தப்பட்டன. பல மாதம் எச்சரிக்கப்பட்டும் சுத்தம் செய்யப்படாதிருந்த கணினிகள் அன்றோடு இணையத்தை இழந்தன. கம்பியும் நன்றாயிருந்தது, ரூட்டரும் நன்றாயிருந்தது. குறை கணினிக்குள்ளே இருந்தது.

நானும் தவறிய இடம்

இப்பொழுது மாட்டுங்காவுக்குத் திரும்புவோம். நான் அன்று மேல்வீட்டுக்கு முதலில் போயிருக்கவேண்டும். ஆனால் நேரே கீழ்வீட்டுக்குள் நுழைந்து ரூட்டரைப் பரிசோதித்தேன். ஏனென்றால், நடந்ததைக் கேள்விப்பட்டபோதே என் உள்ளமும் கீழ்வீட்டாரைச் சந்தேகித்துவிட்டது. அந்தச் சகோதரி ஒன்றும் பேசாமல் எனக்குத் தேநீர் வைத்தார்கள். விளக்குகள் யாவும் சரியாயிருந்தன. மேலே செல்லும் கம்பி தன் துளையில் உறுதியாய் மாட்டியிருந்தது. அதை ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

மேலே ஏறினேன். முகவரி 192.168 என்று சரியாகவே இருந்தது. பிங் செய்தேன், பதில் வந்தது. பெயருக்கும் பதில் வந்தது. ஆனாலும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு அடையாளத்தோடு, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையே தோன்றியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். அப்பொழுது பக்கத்தில் நின்ற மகள் மெதுவாய்க் கேட்டாள்: "அங்கிள், கம்ப்யூட்டர்ல ஏன் 2009ன்னு காட்டுது?"

திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1 என்றிருந்தது.

பிரியமானவர்களே, நாம் பார்க்கிற இணையதளங்கள் பெரும்பாலும் தம் அடையாளத்தை நிரூபிக்க ஒரு சான்றிதழை வைத்திருக்கின்றன. இந்த நாள் முதல் இந்த நாள் வரைக்கும் செல்லும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். நம் கணினி அந்த நாட்களைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2009இல் நின்றுவிட்ட கணினிக்கு, இவ்வாண்டின் சான்றிதழ் யாவும் இன்னும் தொடங்காத போலிச் சான்றிதழாய்த் தோன்றும். ஆகையால் அது ஒவ்வொரு வாசலையும் அடைத்துவிட்டது. தவறு செய்தது கணினி. அதன் பார்வையிலோ உலகம் முழுவதும் பொய்யாயிருந்தது!

கடிகாரம் ஏன் நின்றது? கணினியின் தாய்ப்பலகையில் வட்டமான ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. கணினி மின்சாரமின்றி இருக்கும் நேரமெல்லாம் அதுவே கடிகாரத்தை ஓட்டுகிறது. 2032 என்பது அதன் அளவு: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 3 வோல்ட். அந்தக் குடும்பத்தார் லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய கணினி அது. பேட்டரி முன்பே தளர்ந்திருந்தது. ஊருக்குப் போகையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சென்றார்கள். அந்த ஒரு மாதத்தில் மீதியிருந்த சக்தியும் தீர்ந்துபோயிற்று. இத்தகைய பெரிய கால வித்தியாசத்தைக் கணினி பெரும்பாலும் தானாகத் திருத்திக்கொள்வதில்லை.

"கணினியை இயக்கும்போது ஏதாவது செய்தி வந்ததா?" என்று கேட்டேன். "தினமும் ஏதோ இங்கிலீஷில் வரும் பிரதர், எஃப்1 அழுத்தினால் போய்விடும்" என்றார் தகப்பனார். அந்தச் செய்திதான் பேட்டரி செத்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் எச்சரிப்பு வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு விசையை அழுத்தி அதைத் தள்ளிவிட்டார்கள். அவரைச் சொல்வானேன்? நான் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு எச்சரிக்கையின் கீழேயும், சிறிய எழுத்தில், கடிகாரத்தைச் சரிபார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரு மணி நேரமாய் நானும் அதை வாசிக்கவில்லை.

கணினியை நிறுத்தி, மின் செருகியைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, கையிலுள்ள நிலைமின்சாரம் இறங்கும்படி இரும்புச் சட்டத்தைத் தொட்டு, பழைய பேட்டரியை எடுத்தேன். கடையில் புதியது ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. கூட்டல் குறியுள்ள பக்கம் மேலே தெரியும்படி வைத்து, தேதியையும் நேரத்தையும் சரிசெய்தேன். தளங்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. இரவு பத்து மணிக்குள் மகளின் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. (தாய்மார் கவனிக்க: இந்தப் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழையதைக் கீழே போட்டுவைக்காதீர்கள்.)

தகப்பனார் அந்தப் பழைய பேட்டரியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வைக்கு அது ஒரு வெள்ளிக்காசைப் போலவே இருந்தது. பின்பு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். கீழே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் கீழ்வீட்டுச் சகோதரி, பரீட்சையில் தேறிய பிள்ளைக்கென்று ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்தார்கள். மே மாதக் கட்டணத்தின் பாதியும் அன்றிரவே கொடுக்கப்பட்டது என்று பின்பு அறிந்தேன்.

குறை உண்மையாகவே வெளியில் இருந்தால்

எல்லாக் குறையும் நம் வீட்டில்தான் என்று நான் சொல்லவில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. அவற்றில் ஒன்று மும்பைக்கும் சென்னைக்கும் வருவது. அப்பொழுது இந்தியா முழுவதிலும் இணையம் தளர்ந்துபோயிற்று. அதற்கு நம் வீட்டு ரூட்டரை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் என்ன பயன்? வீட்டைப் பெருக்கித் தேடியபின்பு, குறை வெளியிலென்று தெரிந்தால், அமைதியாய்ப் புகார் செய்யுங்கள்.

புகார் செய்யும்போது, "நெட் வரவில்லை" என்று மாத்திரம் சொல்லாமல், எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு சிவப்பாயிருக்கிறது, எத்தனை மணியிலிருந்து வரவில்லை என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின்படி, புகார் எண் பெறுவதும், தீர்வு கிடைக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்வதும் வாடிக்கையாளரின் உரிமை.

இங்கே ஒரு எச்சரிப்பு. சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். வஞ்சகர்கள் போலி எண்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரசீதிலோ ரூட்டரின் அடியிலோ உள்ள எண்ணையே அழையுங்கள். "உங்கள் கோளாறை இங்கிருந்தே சரிசெய்கிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று முன்பின் அறியாத எவராவது பேசினால், உடனே துண்டித்துவிடுங்கள். தூரத்திலிருந்து பிறர் கருவியை இயக்கும் செயலிகளைக் கொண்டு வங்கிப் பணம் திருடப்படுவதைக் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. தவறிப் பணம் இழந்தால், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள்.

கண்டெடுத்தபின் யாரை அழைப்பது?

உவமையின் முடிவை நினைத்துப் பாருங்கள். காசைக் கண்டெடுத்த அந்தப் பெண் தனியாய் மகிழவில்லை. தோழியரையும் அண்டை வீட்டுப் பெண்களையும் வரவழைத்து, தன்னோடு கூடச் சந்தோஷப்படும்படி கேட்டுக்கொண்டாள். சிறுவயது முதல் கேட்டுவரும் இந்த உவமையில், இந்தப் பகுதியை நான் ஆழ்ந்து யோசித்ததில்லை. காசு தொலைந்த அன்று அவள் அண்டை வீட்டாரின் வாசலில் நின்று, "நீதான் எடுத்தாய்" என்று சத்தமிட்டிருந்தால், கண்டெடுத்த அன்று யாரை அழைத்திருப்பாள்? தேடும்போது அவள் தன் வீட்டைத்தான் பெருக்கினாள். ஆகையால் மகிழும்போது அண்டை வீட்டார் அவளுக்கு மீதியிருந்தார்கள்.

சொந்த ஊரையும் இனத்தாரையும் விட்டு இந்தப் பட்டணத்துக்கு வந்திருக்கிற நமக்கு, ஆபத்து வேளையில் முதலில் ஓடிவருகிறவர் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டாரே. ஐம்பது ரூபாய்ப் பேட்டரிக்காக அவரை இழந்துவிடக்கூடாது. அடுத்த முறை உங்கள் இல்லத்தில் இணையம் நின்றால், குரலை உயர்த்துமுன் திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். அப்படியே நம் உள்ளத்துக்குள் ஆவியானவர் நாள்தோறும் உணர்த்துகிற காரியம் ஏதேனும் உண்டா, அதை ஒரு விசையை அழுத்தித் தள்ளிவிட்டு நடக்கிறோமா என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களையும், உங்கள் பிள்ளைகளின் படிப்பையும், உங்கள் அயலகத்தாரோடுள்ள ஐக்கியத்தையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.